லாக்: பதிவா, பதிவேடா?

கோலாலம்பூர் வங்கிக் கணினி அறையில் இரவு வேலை பார்ப்பவர், பெருங்கணினித் (மெயின்ஃபிரேம்) திரையில் ஒரு செய்தி நகராமல் நின்றால் ‘லாக் நிறைஞ்சிடுச்சு’ என்பார். ‘எந்த லாக்?’ என்ற கேள்வி உடனே வரும். ஒரே சொல்லைப் பல பொருளுக்கு வைத்துக்கொண்டதன் வினை அது.

லாக் என்றால் முதலில் வெறும் மரக்கட்டைதான். பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, கயிறு கட்டிய கட்டையைப் பின்புறமாகக் கடலில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்திலேயே கிடக்கும். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். 28 விநாடி மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ அதுதான் வேகம். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் 1574இலேயே இந்தக் கட்டை முறையை அச்சில் விவரித்திருக்கிறார். கட்டை காட்டிய கணக்கை எழுதிவைத்த புத்தகம் லாக்புக் ஆயிற்று. பிறகு கட்டையும் போய், புத்தகமே லாக் ஆகிவிட்டது. மலாயில் அது ‘பூக்கு லோக்’. பினாங்கில் அலுவலக வண்டி ஓட்டுபவர் மீட்டர் கணக்கு எழுதும் புத்தகமும் அதுதான்.

தமிழில் என்ன சொல்வது? தமிழ் விக்கிப்பீடியா ‘பதிகை’ என்றது. புகுபதிகை, விடுபதிகை எல்லாம் அதன் வழி வந்தவை. நல்ல ஆக்கம்தான், ஆனால் பேச்சில் ஒட்டவில்லை. பெரும்பாலோர் எழுதுவது ‘பதிவு’. சிக்கலே அங்குதான். திருமணப் பதிவும் பதிவு, ஒலிப்பதிவும் பதிவு, வலைப்பதிவும் பதிவு. பெருங்கணினியில் ஒரு லாக்குக்குள் லட்சக்கணக்கான ரெக்கார்டுகள் கிடக்கும். இரண்டுக்கும் ‘பதிவு’ என்று எழுதிவிட்டு, ‘பதிவை அழிக்கவும்’ என்று வழிமுறைக் குறிப்பில் போட்டால் ஒரு வரியை அழிப்பதா, முழுக் கோப்பையும் துடைப்பதா?

ஆகவே ரெக்கார்டு ‘பதிவு’, லாக் ‘பதிவேடு’ என்று பிரித்துக்கொள்வதே சரி. மின்னில் ஓடுவதற்கு ஏடு எதற்கு என்று கேட்க வேண்டாம்; பனையோலை போய்க் காகிதம் வந்தபோதும் ஏடு ஏடாகத்தான் இருந்தது. பள்ளியில் வருகைப் பதிவேடு என்று எல்லாரும் பழகிய சொல்தான். லாக் ஸ்ட்ரீமுக்குப் ‘பதிவோடை’ பொருந்தும்.

ஐபிஎம் பெருங்கணினியின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் முக்கியமாக மூன்று பதிவேடுகள். சிஸ்லாக் உரையாடல் பதிவேடு: ஆபரேட்டர் இட்ட கட்டளையும் கணினி சொன்ன மறுமொழியும் அதில் இருக்கும். அது ஸ்பூலில், அதாவது வெளியீடுகளை வைத்திருக்கும் வட்டுப் பகுதியில், வளர்வதால் ரைட்லாக் கட்டளையால் அவ்வப்போது வெட்டி எடுக்காவிட்டால் ஸ்பூல் இடத்தைத் தின்றுவிடும். லாக்ரெக் பழுதுப் பதிவேடு. வன்பொருள், மென்பொருள் கோளாறுகள் அதில் சேரும், ஈரெப் என்ற நிரல் கொண்டு படிக்கலாம்.

மூன்றாவதான எஸ்எம்எஃப் கணக்குப் பதிவேடு. பழைய ரப்பர் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) கையிலிருந்த செக்ரோல் என்ற ஆள்கணக்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் எண்ணிக்கைக்கு, யார் வந்தார், யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது. எஸ்எம்எஃப்பின் 30ஆம் வகைப் பதிவு அதே வேலையைச் செய்கிறது: எந்த ஜாப் (கணினிக்குத் தந்த வேலை), யார் பெயரில், எத்தனை சிபியூ நேரம். 80ஆம் வகை, ராக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு உரியது. தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

எஸ்எம்எஃப் பதிவேடு சிஸ்1.மேன்எக்ஸ், சிஸ்1.மேன்ஒய் போன்ற கோப்புகளில் மாறி மாறி எழுதப்படும். ஒன்று நிறைந்தால் எழுத்து அடுத்ததற்குத் தாவும். ஐஇஇ362ஏ என்ற செய்தி, நிறைந்ததை நகலெடுக்கச் சொல்லும். திரையில் நகராமல் நிற்பது இதுதான். ‘டி எஸ்எம்எஃப்’ என்று தட்டினால் எந்தக் கோப்பு எழுதப்படுகிறது, எது நகலுக்குக் காத்திருக்கிறது என்று தெரியும். நகலெடுப்பது ஐஎஃப்ஏஎஸ்எம்எஃப்டிபி நிரல். அதில் ‘டம்ப்’ என்று மட்டும் கொடுத்தால் நகல் கிடைக்கும், கோப்பு காலியாகாது. நகலெடுக்கும் ஜாப் சரியாக முடிந்தும் செய்தி போகவில்லையே என்று விழிப்பது இதனால்தான். ‘க்ளியர்’ மட்டும் கொடுத்தால் நகலே இல்லாமல் துடைத்துவிடும். இரண்டும் நடக்க ‘ஆல்’ வேண்டும். நகல் போகும் கோப்பையும் பாருங்கள்: பழைய நகலின் மேலேயே எழுதும்படி விட்டிருந்தால் நேற்றைய கணக்கு போயிற்று.

எல்லாக் கோப்பும் நிறைந்துவிட்டால் பதிவுகள் நினைவகத் தாங்கலில் (பஃபர்) குவியும். அதன் உச்சவரம்பு, அமைப்பில் வேறு சொல்லாவிட்டால், 128 மெகாபைட். அதுவும் நிறைந்தால் ‘நோபஃப்ஸ்’ அமைப்பு முடிவுசெய்யும்: எம்எஸ்ஜி என்றால் பதிவுகளைக் கைவிட்டுக் கணினி ஓடும், ஹால்ட் என்றால் கணினியே நின்றுவிடும். கைவிட்ட பின் கோப்பு ஒன்று காலியானதும் எஸ்எம்எஃப் முதலில் 7ஆம் வகைப் பதிவு ஒன்றை எழுதும்: எத்தனை பதிவுகள் தொலைந்தன, எந்த நேரத்திலிருந்து என்று. தணிக்கையாளருக்குக் காட்ட மிஞ்சுவது அது ஒன்றுதான்.