அதிகரிப்பு: ஏறியதா, ஏற்றினார்களா?

கோழி விலை அதிகரிப்பு, டிங்கி காய்ச்சல் அதிகரிப்பு, வாகன எண்ணிக்கை அதிகரிப்பு, வெப்பநிலை அதிகரிப்பு. மலேசியத் தமிழ்ச் செய்திகளில் இந்த ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது! ‘காரணங்களும் விளைவுகளும்’ என்று பள்ளியில் கட்டுரைத் தலைப்பு கொடுத்தாலும் மாணவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். ஓர் அளவு முன்பு இருந்ததைவிடக் கூடுவது என்பதே இதன் பொருள். ஏன் கூடியது, யாரால் கூடியது, எவ்வளவு வேகத்தில் கூடியது என்று இந்தச் சொல் எதையும் சொல்வதில்லை.

மூலம் வடமொழி. ‘அதிக’ என்றால் மேற்பட்ட, கூடுதலான என்று பொருள். அதன் அடியில் இருப்பது ‘மேல்’ என்று பொருள்தரும் ‘அதி’ என்னும் முன்னொட்டு. அதிகாரம் என்ற சொல்லிலும் இருப்பது அதே முன்னொட்டுதான். அதிவேகம், அதிசயம் ஆகியவற்றில் வரும் ‘அதி’ வேறு. அதற்கு ‘கடந்து’ என்று பொருள். வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தமிழில் ஒரே தகரம் என்பதால் உறவுக்காரர்கள்போலத் தெரிகின்றன. பேச்சில் சொல்கிற ‘ஜாஸ்தி’ அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது. பசாரில் ‘விலை கூடிப்போச்சு’, ‘ஏறிப்போச்சு’ என்கிறோமே, அவை இரண்டும் தமிழ்.

அயற்சொல் என்பதற்காக அதிகரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். என் குறை வேறு. ‘வரி அதிகரித்தது’ என்றும் எழுதுகிறோம், ‘அரசு வரியை அதிகரித்தது’ என்றும் எழுதுகிறோம். தானாக நடந்ததற்கும் ஒருவர் செய்ததற்கும் ஒரே வினை. தமிழ் வினைகள் இந்த இடத்தில் கறாரானவை: ஏறு, ஏற்று, உயர், உயர்த்து, கூடு, கூட்டு, பெருகு, பெருக்கு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே, செய்தவர் ஒருவர் உண்டா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளி ஆனது. அதற்குக் காரணம் உலகச் சந்தையின் எண்ணெய் விலை அல்ல. எல்லாருக்கும் கொடுத்துவந்த மானியத்தை அரசு நிறுத்தி, குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் உதவி என்று மாற்றியது. ஆகவே டீசல் விலை உயர்த்தப்பட்டது. அது சரியான முடிவா என்பது தனி விவாதம். ‘அதிகரித்தது’ என்று எழுதினால் அந்த விவாதமே எழாது. வெயில் ஏறியதைப்போல அதுவும் ஏறியது என்று வாசகர் நகர்ந்துவிடுவார்.

2022-இல் கோழிக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. நம் கோழிகள் தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. உக்ரைன் போரால் உலகில் தானிய விலை ஏறியது, வெள்ளியின் மதிப்பும் இறங்கியது. பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான். விலையை அரசு உச்சவரம்பு போட்டுப் பிடித்திருந்ததால் சில பண்ணைகள் உற்பத்தியைக் குறைத்தன. அதனால் தட்டுப்பாடு. ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதிக்குத் தடை வந்தது; ஜூலை 1 முதல் உச்சவரம்பே கிலோவுக்கு 9.40 வெள்ளி ஆனது. இதில் ‘ஏறியது’ என்று சொல்லத்தக்க கட்டமும் உண்டு, ‘உயர்த்தப்பட்டது’ என்று சொல்ல வேண்டிய கட்டமும் உண்டு. இரண்டையும் பிரித்து எழுதினால் காரணச் சங்கிலி தானே வெளியே வரும்.

ஏற்றம் என்றாலே கூடவே இறக்கம் நினைவுக்கு வரும். ‘ஏற்ற இறக்கம்’ என்று ஒட்டியே சொல்கிறோம். காய்ச்சல் ஏறும், இறங்கும். பினாங்கு நீரிணையில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். ஆகவே திரும்பி வரக்கூடியதற்கு ‘ஏற்றம்’, புதிய மட்டத்தில் நிலைத்துவிடுவதற்கு ‘உயர்வு’ என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இது இலக்கண விதி அல்ல, நடைமுறையில் இரண்டும் கலந்தே வருகின்றன. ஆனாலும் அறிவியல் எழுத்தில் இந்தப் பிரிவு நன்றாகவே உதவும். ஓதம் ஏறுகிறது, கடல்மட்டம் உயர்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வெப்பத்தில் நீர் விரிவதும் நிலத்துப் பனி உருகிக் கடலில் சேர்வதும் இதற்குக் காரணங்கள். இரண்டுக்கும் பின்னால் காற்றில் உள்ள கரியமில வாயு நிற்கிறது: ஹவாய்த் தீவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு, இப்போது 420-க்கும் மேல். இதையும் உயர்வு என்றுதான் சொல்வேன். நாம் எரிப்பதால்தான் உயர்கிறது என்பதால், உயர்த்தினோம் என்றும் சொல்லலாம்.

பணவீக்கத்துக்கு வருவோம். குழப்பம் அதிகம் இங்கேதான். வீங்குவது என்றால் ஊதிப் பெரிதாவது. தமிழில் அதில் நோயின் சாயலும் உண்டு. கால் வீங்கினால் கால் வளர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொருள் பெருகாமல் பணம் மட்டும் புரண்டால் ஒவ்வொரு வெள்ளியின் பலமும் குறையும் என்ற கருத்து இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆக, விளைவின் பெயராக வழங்கும் சொல் ஒரு காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எல்லா நேரமும் அந்தக் காரணம் பொருந்தாது. 1974-இல் மலேசியப் பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டியபோது முக்கியக் காரணம் முந்தைய ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. 2022-இலும் வெளியிலிருந்து வந்த விலைகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. அப்போது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை 2022 மே முதல் 2023 மே வரை படிப்படியாக 1.75-லிருந்து 3.00 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. கடன் வாங்குவதும் செலவும் அதனால் குறையும், வீட்டுக்கடன் தவணை கூடும். சோளம் கூடுதலாக விளைந்துவிடாது.

இன்னொரு குழப்பம்: ‘பணவீக்கம் குறைந்தது என்கிறார்கள், கடையில் ஒன்றும் குறையவில்லையே?’ நியாயமான கேள்வி. 2022-இல் 3.3, 2023-இல் 2.5, 2024-இல் 1.8 விழுக்காடு என்று பணவீக்கம் குறைந்தது உண்மை. குறைந்தது வேகம், விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2021-இல் 100 வெள்ளிக்கு வாங்கிய சாமான்களுக்கு, இந்தக் கணக்குப்படி, 2024-இல் ஏறத்தாழ 107 வெள்ளி 80 காசு கொடுக்க வேண்டும். செய்தியில் ‘விலை ஏறும் வேகம் குறைந்தது’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும், மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர மாட்டார்கள். தமிழ்ச் செய்தி எழுதுவோரிடம் இதைக் கெஞ்சிக் கேட்கவும் தயார்.

பெருக்கம் வேறு ஜாதி. கூடுவது, இருப்பதோடு வெளியிலிருந்து சேர்வது; பெருகுவது, இருப்பதே மேலும் தன்னைப் போன்றதை உண்டாக்குவது. கணக்கிலும் அதனால்தான் கூட்டல் ஒன்று, பெருக்கல் ஒன்று. (வீட்டைத் துடைப்பத்தால் சுத்தம் செய்வதற்கும் கூட்டுவது, பெருக்குவது என்ற இதே இரு சொற்கள்தாம்.) குறளில் பெருக்கமும் சுருக்கமும் எதிரெதிராக நிற்கின்றன: “பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.” டிங்கிக்குப் பொருந்துவது இந்தச் சொல்தான். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகும்; ஒரு நோயாளியைக் கடித்த கொசு அடுத்தடுத்து பலருக்குக் கொண்டுபோகும். நாட்டில் 2022-இல் 66 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த டிங்கி சம்பவங்கள் 2023-இல் 1 லட்சத்து 23 ஆயிரத்தைத் தொட்டன. பெருக்கம் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரியும்: தொடக்கத்திலேயே அறுக்க வேண்டும், ஒரு வாரம் தள்ளினாலும் வேலை பல மடங்காகும்.

மக்கள்தொகைக்கும் பழக்கத்தில் ‘பெருக்கம்’ என்கிறோம். 2000-இல் 2 கோடியே 33 லட்சமாக இருந்த மலேசிய மக்கள்தொகை 2020-இல் 3 கோடியே 24 லட்சம். ஆனால் 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள், 2022-இல் 1.6. பெற்றோர் தலைமுறையைப் பிள்ளைகள் தலைமுறை ஈடுசெய்ய 2.1 வேண்டும். தொகை இன்னும் கூடுகிறது, பெருகும் வேகமோ போய்விட்டது. ஆகவே இன்று ‘மக்கள்தொகை வளர்ச்சி’ போதும்.

அப்புறம் மிகுதி. பழைய சொல், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. உறு, தவ, நனி ஆகிய மூன்றும் ‘மிகுதி செய்யும் பொருள’ என்கிறது தொல்காப்பியம். பள்ளியில் படித்த ‘வல்லினம் மிகும் இடங்கள்’ நினைவிருக்கும். மிகுவதில் ஓர் எல்லை மறைந்திருக்கிறது. அதைத் தாண்டினால் விளைவின் தன்மையே மாறிவிடும். மயிற்பீலி ஏற்றிய வண்டியும், அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளில் ‘சால மிகுத்து’ என்று இதே வினைதான் வருகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த மழையும் அப்படி. முந்தைய மழைகளைவிடச் சற்றுக் கூடுதல் என்று அதைச் சொல்ல முடியாது. கால்வாய்களும் ஆறுகளும் தாங்கும் அளவை அது மிஞ்சிவிட்டது. வெள்ளம், நச்சுப்பொருள், கடன் ஆகியவற்றுக்கு எல்லை மீறிய நிலையில் ‘மிகுதி’ என்று எழுதலாம்.

சமுதாயத்தில் நடப்பதற்குப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகர வாடகையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1948 ஜனவரிக்குள் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. லெபோ பசார், லெபோ குயின் பகுதிக் கடைவீடுகளைப் போன்ற பழைய கட்டடங்களில் குடும்பங்களும் சிறுவியாபாரிகளும் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தார்கள். வருமானம் இல்லாததால் பல உரிமையாளர்கள் பழுது பார்க்காமல் விட்டார்கள். 2000 ஜனவரி 1 அன்று கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. ‘வாடகை அதிகரித்ததால் மக்கள் வெளியேறினர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் நாடாளுமன்றமும் இல்லை, உரிமையாளரும் இல்லை, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்த பிறகு தங்கும் விடுதி நடத்த வந்த முதலீட்டாளரும் இல்லை. சட்டத்தை நீக்கினார்கள், வாடகையை உயர்த்தினார்கள், சொத்து விலை ஏறியது, பழைய குடித்தனக்காரர்கள் பாயான் லெப்பாஸுக்கும் கடல்தாண்டி பட்டர்வொர்த்துக்கும் போனார்கள். பழைய நகரத்தில் குடியிருப்போர் தொகை சுருங்கியது.