அடுத்தவர் தவறால் உயிர் போனால் குடும்பம் எங்கே போவது, எவ்வளவு கேட்பது?

பிணவறை வாசலிலேயே பல சமயம் பேரம் ஆரம்பித்துவிடுகிறது. உடலை வாங்கக் காத்திருக்கும் குடும்பத்திடம் வண்டிக்காரர் தரப்பில் ஒருவர் வந்து, "போனவரு திரும்பி வரவா போறாரு? கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்? ரெண்டு லட்சம் வாங்கித் தர்றோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்பார். அழுது ஓய்ந்தவர்கள் போட்டுவிடுவார்கள். அந்த ரெண்டு லட்சம் எவ்வளவு குறைவு என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். போலீஸ் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் மீது போலீஸ் போடும் வழக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வருகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவர் சிகிச்சையின்போது செய்த தவறு என்றால் இரண்டு ஆண்டு வரை. அது அரசு நடத்தும் வழக்கு. "நாங்க சமாதானமா போயிட்டோம்" என்று எழுதிக் கொடுத்தால் தானாக முடிந்துபோகும் வகைக் குற்றமும் அல்ல. இழப்பீடு குடும்பம் தனியாகக் கேட்டு வாங்குவது. போலீஸ் வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார் என்பதால் இழப்பீடு கிடைக்காமல் போகாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும்.

எங்கே மனு போடுவது என்பது எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்தது. அதிகம் பேருக்குத் தேவைப்படுவது சாலை விபத்து, அதனால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆம் பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, குடும்பம் வசிக்கும் இடத்திலும் போடலாம். கிருஷ்ணகிரி அருகே விபத்து, குடும்பம் தூத்துக்குடியில் என்றால் தூத்துக்குடியிலேயே வழக்கு நடத்தலாம். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போயிருக்கிறது. அதனால் ஆறு மாதம் தாண்டியவர்கள் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாமல் வக்கீலைப் பாருங்கள். தாண்டாதவர்கள் தாண்ட விடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். லோடு வேன் ஓட்டும் ஒருவர், வயது 38, மாதம் 15,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,80,000. உயிரோடு இருந்திருந்தால் வருமானம் கூடியிருக்கும் அல்லவா? அதற்காக, 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. நிரந்தர வேலை என்றால் 50 சதவீதம். இவருக்கு 2,52,000 ஆகிறது. அதில் அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழித்தால் 1,89,000. இதை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். அந்த அட்டவணையை 2009 தீர்ப்பு ஒன்று வகுத்தது. 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. ஆக 28,35,000 ரூபாய்.

இதோடு முடியவில்லை. கணவனை, அப்பாவை, மகனை இழந்ததற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை உண்டு. முதலில் 40,000 என்று வைத்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட வேண்டும் என்பதால் 2023-இல் அது 48,400 ஆனது. நான்கு பேருக்கு 1,93,600. இறுதிச் சடங்குக்கும் சொத்திழப்புக்கும் (உயிரோடு இருந்திருந்தால் அவர் சேர்த்து வைத்திருக்கக்கூடியது போனதற்கு) தலா 18,150. மொத்தம் 30,64,900 ரூபாய், மேலே வட்டி. பிணவறை வாசலில் பேசிய ரெண்டு லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதே கணக்கில் வயதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆரிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் யாரோ உறவினர் பதற்றத்தில் சொன்னதை வைத்து "சுமார் 42 வயது" என்று எழுதிவிடுகிறார்கள். 42 என்றால் 40 சதவீதம் 25 ஆகிறது, 15 என்பது 14 ஆகிறது. 28,35,000 இருந்த இடத்தில் 23,62,500. நான்கே முக்கால் லட்சம் ஒரு "சுமாரில்" போய்விடுகிறது. வயதுக்கு ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழே நம்பகமானது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய டிரங்குப் பெட்டியில் டி.சி. இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வருமானத்துக்கு வங்கிக் கணக்கு, சம்பள ரசீது, முதலாளியின் சாட்சி எது கிடைத்தாலும் சரி. எதுவும் இல்லாவிட்டால் செய்த தொழிலை வைத்து நீதிமன்றமே ஒரு வருமானத்தை அனுமானிக்கும். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் இறந்தாலும் அப்படித்தான். "அவங்க சம்பாதிக்கலையே" என்று காப்பீட்டு நிறுவனம் சொல்வது செல்லாது.

யாரெல்லாம் கேட்கலாம் என்பதிலும் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. கல்யாணமாகிப் போன மகள் கேட்கலாம். மருமகனோடு வாழ்ந்துவந்த மாமியார் கேட்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தாலும், பொதுவாக முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடும். இறந்தவர் பக்கமும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். யார் தவறு என்ற பேச்சே வேண்டாம் என்றால் 164-ஆம் பிரிவில் ஐந்து லட்சம் வாங்கலாம். ஆனால் அதை வாங்கினால் 166-இன் கதவு மூடிக்கொள்ளும். மேலே உள்ள கணக்கைப் பார்த்த பிறகு யாரும் அவசரப்பட்டு அதை எடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டு, எது என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் அரசு நிதியிலிருந்து இரண்டு லட்சம் உண்டு. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். விபத்து நடந்த வட்டத்தின் வருவாய் அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நிதியில் பணம் இருந்தும் இப்படி ஒரு திட்டம் இருப்பது தெரியாததால் கேட்காமலே விட்டவர்கள் ஏராளம்.

அப்புறம், எதிரில் வண்டியே இல்லை, நாய் குறுக்கே வந்து தன் பைக்கில் தானே விழுந்து இறந்தார் என்றால்? அவரே வண்டியின் உரிமையாளர், உரிமமும் இருந்தது என்றால், இன்சூரன்ஸ் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசித் தாளின் கட்டண அட்டவணையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு வரியாக அது ஒளிந்திருக்கும்.

மின்சாரத்தால் இறந்தால் சட்டம் இன்னும் கறார். மழைக்கால இரவில் சைக்கிளில் போன தொழிலாளி ஒருவர், சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்த வழக்கில், யாரோ கொக்கி போட்டுத் திருடியதால்தான் கம்பி அறுந்தது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதாடிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2002-இல் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவர், தன் பக்கம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. உரிமையியல் நீதிமன்றம் போகலாம், உண்மை நிலையில் பெரிய சர்ச்சை இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். இதில் மின் ஆய்வாளரின் அறிக்கைதான் உயிர்நாடி. கம்பியை இழுத்துக் கட்டுவதற்கு முன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வேலையிடத்து மரணத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் சார்ந்தோருக்கு மாதந்தோறும் பணம் வரும். இல்லாவிட்டால் முதலாளி தர வேண்டும். மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணியால் பெருக்குவதுதான் கணக்கு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. முதலாளி குடும்பத்தின் கையில் தனியாகத் திணிக்கும் பணம் இழப்பீட்டுக் கணக்கில் சேராது, அதற்கான அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். நம் லோடு வேன் ஓட்டுநர் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தபோது இறந்தார் என்றால் இந்த வழி, தீர்ப்பாய வழி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கிவிடப்பட்டு இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபர் 20 தீர்ப்பு சொல்கிறது. பத்து லட்சம்தான் என்று யாராவது சொன்னால், அது பழைய கணக்கு.

ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் எட்டு லட்சம், ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் இந்தத் தொகை கிடைக்காது.

மருத்துவமனை மரணம்தான் இருப்பதிலேயே கடினம். சிகிச்சை பலிக்கவில்லை என்பது வேறு, தவறான சிகிச்சை என்பது வேறு. இரண்டாவதை இன்னொரு மருத்துவரின் கருத்தோடுதான் பெரும்பாலும் காட்ட முடியும். சிகிச்சைப் பதிவுகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கேட்ட கடிதத்தின் நகலில் வாங்கியதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வழக்கு போட நினைப்பவர்களுக்குக் கையில் ஒன்றுமே மிஞ்சாது. கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகவே பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது. அதற்கு நீதிமன்றம்தான்.

சுவர் இடிந்து, லிஃப்ட் அறுந்து, மூடாத குழியில் விழுந்து என இதில் எதிலும் அடங்காத மரணங்களுக்கு 1855-ஆம் ஆண்டு விபத்து மரணச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக இரண்டு ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அண்ணன் தம்பிகளுக்கு இதில் இடமில்லை.

கையில் சேர்க்க வேண்டிய காகிதங்கள் பெரிதாக எதுவும் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் (புகார் கொடுத்தவருக்கு இலவசம்), பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், வருமானம், வயது ஆகியவற்றுக்கான சான்றுகள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைக்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர் வக்கீலாகவே இருந்தாலும் போடாதீர்கள். பணம் வரும்போது குடும்பத்தினர் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சிறு பிள்ளைகளின் பங்கு அவர்கள் மேஜராகும் வரை வைப்புத்தொகையில் இருக்கும்.

இறந்தவருடைய வங்கி பாஸ்புக்கையும் ஒருமுறை என்ட்ரி போட்டுப் பாருங்கள். மே கடைசி, ஜூன் முதல் பக்கம் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருந்தால் அவை மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டங்கள். இருபது ரூபாய் பிடித்தம் விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம், 436 எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம். இரண்டும் பிடித்திருந்தால், விபத்து மரணத்துக்கு இரண்டையும் கேட்கலாம். வழக்கே வேண்டாம், கணக்கு இருக்கும் கிளையில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். இதை மட்டும் தள்ளிப்போடாமல் முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.