கிராவல்: செம்மண்ணா, சரளையா, கப்பியா?

கிராவல் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் லாரிக் கணக்கில்தான் கேட்போம். மனையை மேடாக்க "ரெண்டு லோடு கிராவல் அடிங்க" என்றால் வந்து இறங்குவது சிறுகல் கலந்த செம்மண். இலங்கைத் தமிழில் அது கிறவல். தார் போடாத சாலை கிறவல் வீதி. இரண்டு கரையிலும் அந்தச் சொல்லில் மண்தான் முதலில் நிற்கிறது, கல் அதற்குப் பிறகு.

இங்கே பேசும் சைக்கிள் பாதைகளின் கிராவல் வேறு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைவிடப்பட்ட ரயில் தடங்களிலும் பழைய கால்வாய்க் கரைகளிலும் உடைத்த கல்லையும் கல்தூளையும் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கிய தளம் அது. கார், லாரி, பைக் எதுவும் அதில் வராது. அந்தப் பாதைகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'கிராவல் பாதை' என்று அப்படியே விட்டுவிட்டால், முதல் மழைக்கே சேறாகும் சிவப்பு ரோடுதான் வாசகர் கண்ணுக்கு வரும். சொல் நமக்குப் பழகியதாக இருப்பதே இங்கே சிக்கல்.

வந்த வழி

ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. அங்கே 'கிராவ்' என்றால் மணல், கரை. 'கிராவெல்' அதன் சிறுமை வடிவம். அதற்கும் அடியில் இருப்பது கெல்ட்டிய வேர். வெல்ஷ் மொழியில் 'க்ரோ' இன்றும் பருமணலையும் சிறுகல்லையும் குறிக்கிறது. இதே வேரிலிருந்து பிரெஞ்சில் 'க்ரேவ்' பிறந்தது. பாரிஸில் செய்ன் நதியோரம், இன்றைய நகரமன்றத்தின் முன்னுள்ள திடலுக்கு முன்பு அந்தப் பெயர்தான். வேலை தேடுவோர் அங்கே கூடுவது வழக்கம். பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கு 'க்ரேவ்' என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். போர்தோவை ஒட்டிய 'கிராவ்' என்ற திராட்சை மது வட்டாரமும் சரளை நிலத்தால் பெயர் பெற்றது. பழைய ஆங்கில மருத்துவத்தில் சிறுநீரில் இறங்கும் பொடிக்கற்களுக்கும் கிராவல் என்றே பெயர். கல்லடைப்பு என்ற நம் சொல்லும் அந்த நோயைக் கல்லால்தான் அடையாளம் காட்டுகிறது.

ஆக, சொல்லின் மூலத்தில் இருப்பது ஆற்றங்கரையின் உருண்ட கல். பாதை போடுவதற்கு அது உதவாது என்பதுதான் வேடிக்கை.

கல் எவ்வளவு பெரிது?

சர்வதேச மண் வகைப்பாட்டில் 2 முதல் 63 மி.மீ. வரை உள்ள துகள்தான் கிராவல். இந்தியத் தர நிர்ணயத்தில் 4.75 முதல் 80 மி.மீ. வரை. சைக்கிள் பாதையின் மேல்தளத்துக்கு வழக்கமாகப் போடுவதோ 10 மி.மீ.யிலிருந்து தூள் வரை எல்லாம் கலந்த சரக்கு. அதில் கணிசமான பகுதி மணலும் தூளும்தான். அளவுகோல்படி அந்தப் பகுதி கிராவலே இல்லை.

அந்தத் தூள் இல்லாமல் பாதை நிற்காது. உடைத்த கல்லுக்கு முனைகள் உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இடுக்குகளைத் தூள் நிரப்பும். ஈரம் பட்டு உருளை ஏறியதும் மொத்தமும் ஒரே பலகையாக இறுகும். கூழாங்கல்லைப் பரப்பினால் இது எதுவும் நடக்காது. கல் உருளும், டயர் புதையும், ஹேண்டில்பார் அலையும். தூளைச் சலித்து எடுத்துவிட்டுச் சுத்தமான கல் சிப்ஸ் மட்டும் போட்டாலும் அதே கதிதான். காய்ந்த சரக்கை அப்படியே உருட்டினால் தூள் பறக்கும்; நீர் கூடினால் குழையும். கையில் பிடித்தால் கட்டியாகி, தட்டினால் உதிர்கிற பதம் வேண்டும்.

அடியில் 10 முதல் 15 செ.மீ. பெரிய ஜல்லி, மேலே 5 முதல் 8 செ.மீ. தூள் கலந்த பொடிக்கல், நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 சதவீதச் சரிவு. பொதுவாகக் கணக்கு இதுதான். இதில் முதலில் தவறுவது சரிவு. நீர் தேங்கிய இடத்தில் குழி விழும். நீர் ஓடிய இடத்தில் தூள் அரித்துப்போய் உதிரிக் கல் மேலே மிதக்கும். வளைவில் முன்சக்கரம் வழுக்குவது பெரும்பாலும் அந்த உதிரிக் கல்லில்தான். மரநிழல் நிறைந்த தடங்களில் இலைகளை அள்ளாமல் விட்டால் அவை மக்கி மண்ணாகி, தளத்தின் மேல் ஒரு சேற்றுத்தோல் படியும்.

தமிழில் இருப்பவை

சரளை: கிராவலுக்கு நேர்ச்சொல். சரளைக்கல், சரளை மண், சரளை நிலம் என்று பேச்சிலும் எழுத்திலும் புழங்குகிறது. 'சரளமாக' என்பதோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். அந்தச் 'சரளம்' வடமொழிச் சொல்.

பரல்: சங்கப் பாடல்களில் பாலை வழி நடப்போரின் காலை உறுத்துவது இது. சிலம்புக்குள் இடும் மணிக்கும் பரல் என்றே பெயர். அழகான சொல். ஆனால் தனித்தனிக் கல்லையே குறிக்கும். இறுகிய தளத்துக்குப் பொருந்தாது.

முரம்பு: கல்லும் பருக்கையும் நிறைந்த மேட்டுநிலம். இயற்கையாக அமைந்த நிலத்துக்கான பெயர், போட்ட பாதைக்கு ஆகாது. மராத்தியில் 'முரூம்' என்பது சிதைந்த பாறைச் சரளை. இந்தியப் பொறியாளர்கள் அதை எடுத்தாண்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் செம்மண் சாலைகளை இன்றும் 'முர்ரம்' சாலை என்கிறார்கள். நம் லோடு கிராவலுக்குச் சரியான உறவு இந்த முர்ரம்தான்.

கப்பி: தானியத்தைக் குத்தும்போதோ உடைக்கும்போதோ விழும் பெருநொய். அதிலிருந்து உடைத்த கல் பரப்பிய சாலை கப்பி ரோடு, கப்பிச்சாலை. உடைந்தது, கூரானது, தூளோடு சேர்ந்தது என்ற மூன்று குணமும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஒரே குறை, கப்பி ரோடு என்றால் 40 மி.மீ. ஜல்லி துருத்திக்கொண்டு, தார் வரும் வரும் என்று வருஷக்கணக்காகக் காத்துக்கிடக்கும் ரோடு நினைவுக்கு வருகிறது. முன்னே 'பொடி' சேர்த்துப் பொடிக்கப்பி என்றால் அந்தக் குறை தீரும்.

ஆகவே பொதுப்பெயராகச் சரளை. தளம் உடைத்த கல்லும் தூளுமாக இருந்தால் பொடிக்கப்பி. முர்ரம் வகைச் சிவப்புச் சாலைக்கு மட்டும் கிராவல். இப்படிப் பிரித்துக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து.

ஒரே பயணத்தில் இரண்டு தளங்கள்

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று இருக்கிறது. பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லாந்து வரை கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற பாதை, 241 கி.மீ. அங்கிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை செசபீக்–ஒஹாயோ கால்வாயின் கரை, 297 கி.மீ. இரண்டும் கம்பர்லாந்தில் ஒட்டுகின்றன, இரண்டிலும் மோட்டார் வண்டி கிடையாது, இரண்டையும் 'கிராவல்' என்றே சொல்வார்கள். சக்கரத்துக்கோ இரண்டும் ஒன்றல்ல.

அலெகேனிப் பாதை பழைய ரயில் தடம். கிழக்குப் பகுதியில் ரயில் நின்றது 1975-இல். முதல் துண்டு 1986-இல் ஒஹாயோபைல் பக்கம் திறந்தது. பிட்ஸ்பர்க் வரை முழுமையானது 2013-இல். பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பொடிக்கப்பி. ரயிலுக்காக வெட்டிய தடம் என்பதால் ஏற்றம் 2 சதவீதத்தைத் தாண்டாது. உச்சி 729 மீட்டர். ஒருபக்க நீர் அட்லாண்டிக்குக்கும் மறுபக்க நீர் மெக்சிகோ வளைகுடாவுக்கும் பிரிகிற மேடு அது. பிட்ஸ்பர்கிலிருந்து வந்தால் ஏற்றமே தெரியாது. கம்பர்லாந்திலிருந்து தொடங்கினால் முதல் 38 கி.மீ.யும் இடைவிடாத ஏற்றம், சுமார் 540 மீட்டர். சுமையோடு போகிறவர்கள் திசையை முதலில் முடிவு செய்ய வேண்டும். உச்சியருகே உள்ள பிக் சாவேஜ் சுரங்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் அதை அடைத்துவிடுவார்கள், ஏப்ரல் வாக்கில்தான் திறப்பார்கள்.

கால்வாய்க் கரை அதைவிட மூத்தது. 1828 ஜூலை 4 அன்று வேலை தொடங்கி, 1850-இல் கம்பர்லாந்தை எட்டியது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் 74 பூட்டுமடைகள் வழியாகப் படகு 184 மீட்டர் ஏறி இறங்கியது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்தன. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. பின்னால் அதன் மேல் கார்ச்சாலை போடும் திட்டம் வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் எதிர்ப்பாளர்களோடு கரை முழுவதும் நடந்தார். சாலை வரவில்லை, 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 செப்டம்பரில் தென்மாநிலப் படையினர் தகர்க்க முயன்றும் முடியாமல் போன மொனோகசி நீர்ப்பாலம் (கால்வாயை ஆற்றுக்கு மேலே கொண்டுசென்ற பாலம்), ஏழு வளைவுகளோடு இன்றும் பாதையைத் தாங்கி நிற்கிறது.

இந்தக் கரை களிமண்ணும் கல்லும் கலந்தது. புதுப்பித்த பகுதிகள் பொடிக்கப்பியாக நன்றாக ஓடும். மற்ற இடங்களில் மழைக்குப் பின் சேறும் வேரும்தான். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இல்லையென்றால் களிமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். ஹான்காக் பக்கம் அருகிலேயே சுமார் 45 கி.மீ. தார் போட்ட இன்னொரு ரயில்தடப் பாதை இணையாக ஓடுகிறது. சேறு பொறுக்காதவர்கள் அதற்கு மாறிக்கொள்வார்கள். 950 மீட்டர் நீளமுள்ள பாவ்பாவ் சுரங்கத்தில் விளக்கு கிடையாது, நடைபாதையும் குறுகல். டார்ச்சோடு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

டயர் தேர்வும் இதன்படிதான். அலெகேனிப் பொடிக்கப்பிக்கு 32 மி.மீ. அகல டயர் போதும். கால்வாய்க் கரைக்கு 40 மி.மீ.யும் அதற்கு மேலும். 75 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் முன்னே 32, பின்னே 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துத் தொடங்கலாம். ட்யூப் போட்டிருந்தால் 5 கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் மோதி ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பாம்புக்கடி போல் இரட்டை ஓட்டை விழும். சுண்ணாம்புத்தூள் மழையில் பசையாகிச் செயினிலும் பிரேக்கிலும் ஒட்டும். காயும் முன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும்.

கூடவே வரும் சொற்கள்

'டிராஃபிக்-ஃப்ரீ' என்பதை 'நெரிசலற்ற' என்று எழுதுவது தவறு. நெரிசலற்ற சாலையிலும் கார் போகும். 'போக்குவரத்தற்ற' என்பதும் சரியில்லை, சைக்கிளும் போக்குவரத்துதானே. மோட்டார் புகாத வழி என்றால் குழப்பமில்லை. 'கிரீன்வே'யைப் பசுமைவழி என்று எழுதத் தோன்றும். ஆனால் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டத்துக்குப் பசுமைவழிச் சாலை என்று பெயர் சூட்டியபின், மோட்டார் புகாத பாதைக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. 'ரயில் டிரெயில்' பழைய ரயில்தடப் பாதை. படகை இழுக்க நடந்த கரையான 'டோபாத்' என்பதற்குக் கால்வாய்க்கரை என்று மட்டும் எழுதினால் கழுதையும் கயிறும் விடுபடும். இழுகரை என்று எழுதிப் பார்க்கலாம்.

இத்தகைய தார் போடாத தளங்களுக்கென்று செய்த சைக்கிளின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. கடையில் போய் 'சரளை மிதிவண்டி' என்று கேட்டால் எடுத்துத் தர ஆளிருக்காது. அது கிராவல் பைக்காகவே இருக்கட்டும்.