முட்டி எப்போது வீங்கியது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா பக்கத்துத் தோட்டப்பட்டணங்களில் முட்டி அடிபடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: ஞாயிற்றுக்கிழமைப் பந்துத் திடலில், செம்பனை நிரையில், மோட்டார் சைக்கிள் பறக்கும் சடக்கில். எங்கே அடிபட்டாலும் வீட்டில் நடப்பது ஒன்றுதான். யாராவது "சுளுக்குதான்" என்பார்கள், தைலப் போத்தல் வரும், உருவிவிடத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அடிபட்டு எவ்வளவு நேரம் கழித்து வீங்கியது?

இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி முழுவதும் உப்பிவிட்டால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரத்தக் குழாய் உள்ள ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது எலும்பு உடைந்திருக்கிறது. இரவு தூங்கி எழுந்து பார்க்கும்போது வீக்கம் தெரிந்தால், அது பெரும்பாலும் மூட்டுக்குள் வழக்கமாகச் சுரக்கும் வழவழப்பு நீர் அதிகமாகச் சேர்ந்தது. மூட்டு வீங்காமல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஓரிடம் மட்டும் தொட்டால் வலிக்கிறதென்றால், பக்கவாட்டு லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார், இழுபட்டிருக்கலாம். மருத்துவருக்கு இந்த ஒரு தகவல் பல பரிசோதனைகளுக்குச் சமம்.

ஏன் இப்படி என்பது முட்டியின் அமைப்பில் இருக்கிறது. தொடை எலும்பின் அடிமுனையில் இரண்டு உருண்டைகள். அவை உட்காரும் இடம் டிபியா என்னும் கீழ்க்கால் எலும்பு. அதன் மேற்புறம் ஏறக்குறைய தட்டை. தட்டின் மேல் இரண்டு எலுமிச்சம்பழத்தை நிறுத்தினால் எப்படி நிற்குமோ அப்படித்தான் எலும்பை மட்டும் நம்பினால் முட்டி நிற்கும். உருளாமல் பிடித்து வைப்பவை நான்கு லிகமென்ட்டுகள். பக்கங்களில் இரண்டு, மூட்டுக்குள்ளே குறுக்காக இரண்டு. உள்ளே இருப்பதில் முன்னது ஏ.சி.எல்., டிபியா முன்னால் நழுவாமலும் அளவுக்கு மேல் திரும்பாமலும் பார்த்துக்கொள்கிறது. நீளம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான். உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்புபவை மெனிஸ்கஸ் என்னும் இரண்டு பிறை வடிவக் குருத்தெலும்புத் துண்டுகள். உடல் எடையைப் பரவலாக இறக்கி வைப்பது அவற்றின் வேலை.

ஏ.சி.எல். அறுவதற்கு யாரும் வந்து மோத வேண்டியதில்லை. வேகமாக ஓடி வந்தவர் சட்டென்று நின்று திரும்புகிறார். பூட்ஸின் பற்கள் புல்லில் மாட்டிப் பாதம் அங்கேயே நிற்கிறது, உடம்பு மட்டும் திரும்புகிறது, முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. "டப்" என்று ஒரு சத்தம். பலர் அதைக் காதாலேயே கேட்டதாகச் சொல்வார்கள். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டி உப்பிவிடும். இதில் ஏமாற்றுவது இரண்டு வாரம் கழித்து வரும் நிலைமை. வீக்கம் வடிந்துவிடும், நேராக நடக்க வலிக்காது, சரியாகிவிட்டது என்று மறுபடியும் திடலில் இறங்குவார்கள். திரும்பும்போது முட்டி மடங்கி ஆளைக் கீழே தள்ளும். அப்படி மடங்கும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் கிழிய வாய்ப்பு உண்டு. அறுந்த ஏ.சி.எல். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை கேட்பதில்லை. பந்து விளையாடாதவர், மேடு பள்ளத்தில் வேலை இல்லாதவர், தொடைத் தசையைப் பலப்படுத்தியே சமாளித்துவிடலாம். அறுவை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்குள் விளையாடத் திரும்பினால் மறுபடியும் அறுபடும் ஆபத்து அதிகம்.

மெனிஸ்கஸ் கதை வேறு. குந்தி உட்காரும்போது அதன் பின்பகுதி இரண்டு எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குபவரும், அடிமரத்தில் பால்மரம் வெட்டுபவரும் ஒரு நாளில் எத்தனை முறை குந்தி எழுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். முட்டிச் சில்லுக்கும் இதே தொல்லை. படி இறங்கும்போது அதன்மேல் விழும் சுமை உடல் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, ஆழமாகக் குந்தும்போது ஏழு மடங்கு வரை போகும். நாற்பது வயதுக்கு மேல் மெனிஸ்கஸ் காய்ந்து பலவீனமாவதால், குந்தியிருந்து திரும்பியபடி எழுந்ததே கிழியப் போதும். இதில் வெளி ஓரத்துக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு, உள்பகுதி கிழிந்தால் தானாக ஆறாது. ஆனாலும் வயதால் வரும் கிழிசலுக்கு முதலில் உடற்பயிற்சிதான், கத்தி பிறகு. கிழிந்த துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு காலை முழுதாக நீட்டவே முடியவில்லை என்றால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

எக்ஸ்ரே யாருக்கு வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990களில் ஓர் எளிய விதி வகுத்தார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல். முட்டிச் சில்லில் மட்டும் அழுத்தினால் வலி. வெளிப்பக்கம் ஃபிபுலா என்னும் மெல்லிய கீழ்க்கால் எலும்பின் தலையில் வலி. முட்டியை 90 பாகை மடக்க முடியவில்லை. அடிபட்ட உடனேயும் கிளினிக்கிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். ஆனால் எக்ஸ்ரேயில் லிகமென்ட்டும் மெனிஸ்கஸும் தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்றால் எலும்பு உடையவில்லை, அவ்வளவுதான். மீதியை மருத்துவரின் கையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும்தான் சொல்லும்.

முதல் இரண்டு மூன்று நாள் உருவிவிடுவதும் சூடான ஒத்தடமும் வேண்டாம். கசியும் இரத்தத்தை இரண்டும் கூட்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வைக்கலாம். இழுத்தால் நீளும் கட்டுத் துணியைக் கீழிருந்து மேலாகச் சுற்றவும். விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்திவிட வேண்டும்.

முட்டிக்குக் கீழே ஆபத்து வேறு வகை. டிபியாவின் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, காக்கத் தசை கிடையாது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் விபத்தில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வருவது இங்கே அதிகம். அப்படி நடந்தால் சுத்தத் துணியால் மூடி, எலும்பை உள்ளே தள்ளாமல், 999க்கு அழைக்க வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது, அதனாலேயே மோசமானது. கெண்டைக்காலின் தசைகள் நான்கு அறைகளாக, நீளாத உறையில் அடைபட்டிருக்கின்றன. வண்டிக்கு அடியிலோ, 20 கிலோ தாண்டும் செம்பனைக் குலைக்கு அடியிலோ கால் நசுங்கினால் உள்ளே வீங்கும், உறை விரியாது. அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நிற்கும். ஆறு மணி நேரம் போல் இப்படியே விட்டால் தசை செத்துவிடும். அடிக்குப் பொருந்தாத வலி, கல் போன்ற இறுக்கம், கால்விரலை மெல்ல மேலே வளைத்தாலே துடிக்கும் வலி: இவைதான் அடையாளம். பாதத்தில் நாடி துடிப்பதால் ஒன்றுமில்லை என்று நினைக்கக் கூடாது. கட்டை அவிழ்த்து, காலை உயரத் தூக்காமல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே கைக்குத் தட்டுப்படும் குமிழ்தான் ஃபிபுலாவின் தலை. பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியில் போகிறது. அங்கே அடிபட்டாலோ, நீண்ட நேரம் குந்தியிருந்து அழுந்தினாலோ பாதம் தொங்கும், நடக்கும்போது செருப்பின் நுனி தரையில் இடிக்கும். சில வாரங்களில் திரும்புவது உண்டு, ஆனால் காத்திருந்து பார்க்காமல் காட்ட வேண்டிய குறி இது.

அடிபட்ட முட்டியின் தொடைத் தசை சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கும். வீக்கமே அதை வேலை செய்யவிடாது. வலி தாங்கும் அளவுக்கு வந்ததும், கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்தி ஐந்து விநாடி பிடியுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கனமானவர்கள் எடையைக் குறைத்தால் முட்டிக்கு மிச்சமாவது அதிகம்: ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது.

வேலையில் அடிபட்டதென்றால் அன்றைக்கே மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லிவிடுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் அதில் சேரும். கிளினிக்கில் எந்தக் கால், எப்படித் திரும்பியது, எத்தனை மணிக்கு வீங்கியது என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.