போர்வெல் போட்டால் தண்ணீர் வந்துவிடாது

போன வாரமும் ஒருவர் வந்தார். கோவைக்கு வெளியே புதிதாகப் போட்ட நகரில் மனை வாங்கி, லோன் போட்டு வீடும் கட்டிவிட்டார். குடியேறிய ஆறாவது மாதம் போர் வற்றிவிட்டது. கையில் மடித்து வைத்திருந்த விளம்பரத் தாளில் "நல்ல தண்ணீர், 2 இன்ச்" என்று அச்சிட்டிருந்தது. நகரமைப்பு வேலையில் இருக்கிற எனக்கு இந்தத் தாளைப் பார்த்தாலே இப்போது வயிறு எரிகிறது.

அந்த 2 இன்ச் என்ன தெரியுமா? துளை போடும்போது கம்ப்ரசர் காற்று மேலே தள்ளும் நீரை 'வி' வடிவ வெட்டு வழியாக ஓடவிட்டு, எத்தனை இன்ச் உயரத்தில் போகிறது என்று பார்ப்பார்கள். அந்த நேரத்துக் கணக்கு, அவ்வளவுதான். கொங்கு மண்ணின் அடியில் பெரும்பாலும் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கும். பல நாள் தேங்கியது முதலில் பீய்ச்சி அடிக்கும். அது இருப்பு, வரத்து வேறு. நவம்பரில் போட்ட போர் மே மாதத்துக்கு ஜாமீன் நிற்காது. அதிலும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகப் போர் போட்டால், ஒரே இளநீரில் பத்துப் பேர் ஸ்ட்ரா போட்ட கதைதான்.

"அப்ரூவல் ஆன மனைதானே சார்" என்கிறார்கள். அப்ரூவலில் சாலை அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எல்லாம் பார்ப்பார்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் வரும் என்று அதில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஒரு நகரில் 200 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு. மொத்தம் 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 9 லோடு, தினமும். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. அங்கே ஓஎம்ஆர் சாலையில் இருக்கிற ஐடி கம்பெனிகள் சில, ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான்.

தண்ணீர் மட்டுமல்ல, பக்கத்தில் வேலை இருக்கிறதா என்பதையும் இதே போலப் பார்க்க வேண்டும். சென்னைக்குள் இருந்த குடும்பங்களை 2000-லிருந்து நகர ஓரத்தில் இருக்கிற கண்ணகி நகருக்கு மாற்றினார்கள். கூரை கிடைத்தது, வீட்டுவேலை பார்த்த தெருக்கள் தூரமாகிவிட்டன. பஸ்ஸிலேயே பொழுதும் காசும் போனதால் வேலையை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். நெய்வேலி இதற்கு நேர் எதிர்: அங்கே சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருந்ததால்தான் நகரியமே வந்தது. நிலக்கரி எடுக்க இறைத்தாக வேண்டிய நிலத்தடி நீரும் அங்கே பயனுக்கு வந்தது.

மனை பார்க்கப் போகிறவர்களே, தயவுசெய்து கோடையில் போங்கள். ஏப்ரல், மேயில் ஒரு முழு நாள் மோட்டார் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்தியபின் எத்தனை மணி நேரத்தில் ஏறியது என்று அளந்த தாளைக் கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குடிநீர்த் திட்டக் குழாய் 'வரும்' என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். காலை ஷிஃப்ட்டுக்கு பஸ் உண்டா என்று நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அப்படியே பக்கத்து டீக்கடையில் தண்ணீர் லாரி டிரைவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கம் நாளைக்கு எத்தனை லோடு அடிக்கிறார் என்று விசாரியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.