கிராம் அப்புறம், முதலில் கனம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் 1000 என்று பட்டெனச் சொல்லிவிடும். உன் சாப்பாட்டு டப்பா ஒரு கிலோ இருக்குமா என்று கேளுங்கள், திருதிருவென விழிக்கும். சில பிள்ளைகள் பத்து கிலோ என்றும் சொல்வார்கள். மதுரைப் பக்கம் தொடக்கப்பள்ளியில் கணக்கு எடுக்கிற எனக்கு இது வருஷா வருஷம் பார்க்கிற சங்கதி. எண்ணைத் தந்துவிட்டோம், கனத்தைத் தரவில்லை. குறை அங்கேதான்.

முன்பெல்லாம் பாதிப் பாடத்தை மளிகைக் கடையே நடத்திவிடும். ஒரு தட்டில் எடைக்கல், மறுதட்டில் பருப்பு. முள் நடுவுக்கு வரும்வரை கடைக்காரர் போடுவதும் எடுப்பதுமாக இருப்பார், கூடப் போன பிள்ளை வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். இப்போது எலக்ட்ரானிக் தராசில் பையை வைத்ததும் சிவப்பு எண் வந்துவிடுகிறது. கடைக்கு அதுதான் சௌகரியம், சரி. ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதைப் பிள்ளை பார்க்க வழியில்லை.

அதனால் கையிலிருந்து தொடங்குவேன். ஒரு கையில் அரைக்கிலோ எடைக்கல், மறுகையில் ஒரு பை பொரி. எது கனம் என்று தூக்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பொரிப் பையைத்தான் காட்டுவார்கள். பெரிதாக இருந்தால் கனமாக இருக்கும் என்பது அந்த வயதின் சட்டம். வாயால் சொன்னபின் தூக்கிப் பார்க்கும்போது முகம் மாறும் பாருங்கள், அதற்குத்தான் முதலில் சொல்ல வைப்பது.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலை பலிக்காது. விடியுமுன் அம்மாவோடு மொட்டுப் பறித்தவர்கள். பை நிறைய இருந்தாலும் எடை போட்டால் கொஞ்சம்தான் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்தால் எடை கூடும் என்பதும் தெரியும்! அவர்களைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தர விடுவேன்.

கையை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே எடையில் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு பெரிய பெட்டியும் கொடுத்தால், பெரியவர்களுக்கே சின்னதுதான் கனமாகத் தோன்றும். சார்ப்பெந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1891-லேயே எழுதிவைத்த ஏமாற்று இது. தராசு தேவைப்படுவது அதனால்தான்.

தராசுக்குச் செலவே வேண்டாம். துணி மாட்டும் ஹேங்கர், ஒரே அளவில் இரண்டு சிரட்டை, கொஞ்சம் நூல். ஆணியில் மாட்டி, வெறும் சிரட்டைகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே கொஞ்சம் களிமண் ஒட்டினால் போதும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல். ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி ஒரு சிரட்டையில் கொய்யாக்காயும் இன்னொன்றில் ரப்பரும் வைத்தாள். ரப்பர் ஜிவ்வென்று மேலே போனது. “டீச்சர், ரப்பர்தான் ஜெயிச்சிருச்சு!” உயரமாக இருப்பது பெரியது என்றே பழகிய பிள்ளைக்கு, மேலே போன தட்டுதான் கனம் என்று படுகிறது. “கீழே இறங்கினால் கனம்” என்று ஒப்பிக்க வைத்தால் பரீட்சையில் தேறிவிடும், அவ்வளவுதான். அவள் உள்ளங்கையைக் கொய்யாக்காய்ச் சிரட்டைக்கு அடியில் வைக்கச் சொன்னேன், அப்புறம் ரப்பருக்கு அடியில். எது கையை அமுக்குகிறது என்று கேட்டதும் அவளே திருத்திக்கொண்டாள்.

அளக்கும்போதும் கிராமுக்கு அவசரம் வேண்டாம். அதே கொய்யாக்காய் எத்தனை புளியங்கொட்டைக்குச் சமம் என்று ஆளாளுக்கு அளந்தால் ஆளுக்கொரு விடை வரும். கொட்டைகள் ஒரே மாதிரி இல்லை. ஒரு ரூபாய் நாணயமும் ஏமாற்றும்: 1992 முதல் வந்தவை 4.85 கிராம், 2011-இல் வந்தவை 3.79 கிராம். யார் சொல்வது சரி என்று சண்டை வரட்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கல் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்கும்போது கிராமைக் கொண்டுவந்தால் அது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கைக்குப் பழக, ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ, அரை லிட்டர் பால் பாக்கெட் அரைக்கிலோவுக்குச் சற்றுக் கூட.

வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஒரு உருண்டையைப் பிள்ளை கண்முன்னே தட்டையாகத் தேயுங்கள். எடை மாறிவிட்டதா என்று கேட்டால் ஆறு வயதுக்காரர் மாறிவிட்டது என்பார். எடை மாறாது என்பது ஒன்பது, பத்து வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே சொன்னார். எனவே “இது கூடத் தெரியாதா” என்று குட்டாதீர்கள். இரண்டு சம உருண்டைகளைத் தராசில் வைத்துக் காட்டி, ஒன்றை எடுத்துத் தேய்த்து மறுபடி வையுங்கள். இன்றைக்கு நம்பாவிட்டால், அடுத்த வருஷம் இன்னொரு முறை செய்து பார்க்கலாம்.