துடுப்பில் காது வைத்து மூளையைக் கேட்பது

பாடும் மீனைக் கேட்க வேண்டுமென்றால் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும் என்பார்கள் மட்டக்களப்பார். எந்த மீன், எத்தனை, எந்த ஆழத்தில் என்று துடுப்பு சொல்லாது. எல்லாம் கலந்த ஒரு ரீங்காரம்தான் வரும். ஈ.ஈ.ஜி. எனும் மூளை அலைப் பதிவும் ஏறத்தாழ அப்படித்தான். கல்லடியில் பழைய பாலம் திறந்த அதே 1924இல்தான் ஜேர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பேர்கர் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தார். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஒரு நரம்புக்கலத்தின் சத்தம் மண்டையோட்டைத் தாண்டி வராது. ஆயிரக்கணக்கான கலங்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால்தான் தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்க்கு ஏதாவது எட்டும். அதுவும் சில பத்து மைக்ரோவோல்ட். டோர்ச் பற்றறியின் 1.5 வோல்ட் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. அந்தத் தாளத்தை வேகத்தால் பிரிக்கிறோம்: நொடிக்கு 4க்குக் கீழ் டெல்டா, 8 வரை தீற்றா, 13 வரை அல்பா, 30 வரை பீற்றா, அதற்கு மேல் காமா.

"தலையில வயர் பூட்டிப் பாத்தா பிள்ளைக்கு ஓட்டிசமா இல்லையா எண்டு தெரியாதா?" என்று ஒரு தாய் கேட்டார். ஓட்டிசம் (ஆட்டிசம்) என்பது பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறு மாதிரி அமையும் ஒரு வளர்ச்சி நிலை. நியாயமான கேள்வி. தெரியாது என்பதற்கான காரணம்தான் சுவாரசியமானது.

ஓட்டிசம் உள்ளவர்களிடம் மெதுவான அலைகளும் மிக வேகமான அலைகளும் கூடி, நடுவிலுள்ள அல்பா குறைகிறது என்று பல ஆய்வுகள் கண்டன. வரைந்து பார்த்தால் தோணி மாதிரி: இரு முனையும் தூக்கி, நடு தாழ்ந்து. கலங்களைத் தூண்டும் சமிக்ஞைக்கும் அடக்கும் சமிக்ஞைக்கும் இடையிலான சமநிலை குலைவதே காரணமாகலாம் என்பது ஒரு கருதுகோள். சரி, அப்படியானால் தோணியைத் தேடினால் போதுமே? போதாது. எல்லோரிடமும் அது இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வயது.

எந்தக் குழந்தையின் அலையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கண் மூடி ஓய்வாக இருக்கும்போது தலையின் பின்புறத்தில் எழும் தாளம் ஒரு வயதில் நொடிக்கு 6 முறை, மூன்று வயதில் 8, பதின்ம வயதில் 10 என்று வேகமெடுக்கும். ஓட்டிசம் உள்ள சிறுவர்களை ஆராய்ந்த சில ஆய்வுகளில் வயதோடு வரவேண்டிய இந்த ஏற்றம் தெளிவாகத் தெரியவில்லை. வேகம் வயதைவிடப் பிள்ளையின் சிந்தனைத் திறனோடுதான் பொருந்திப் போனது.

மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அத்தகைய தம்பி தங்கைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தபோது, ஆறு மாதத்தில் அலைகளின் பலம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே இருந்தது. கூடுகிறது என்று மேலே சொன்னதற்கு நேரெதிர்! முதல் வருடத்தில் அந்தப் பலம் எப்படி மாறிக்கொண்டு போகிறது என்பதே பின்னர் யாருக்கு ஓட்டிசம் தெரிய வரும் என்பதற்குக் கூடுதல் துப்புக் கொடுத்தது. பெரியவர்களிடம் கிடைத்த முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவருவதே இல்லை.

அதோடு, தாடையைக் கடித்தாலே தசையின் மின்சாரம் காமா மாதிரி வேடம் போடும். சில நித்திரை மருந்துகள் பீற்றாவைக் கூட்டிவிடும். மின்வாய்கள் பொருத்திய தொப்பியின் இறுக்கத்தையும் அவற்றுக்குப் பூசும் பசையின் ஈரத்தையும் பொறுக்க முடியாத பிள்ளைகள் பதிவிலிருந்தே விடுபட்டுப் போவார்கள். அவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிய வேண்டும்.

ஆகவே ஓட்டிசத்தை மருத்துவர்கள் இன்னமும் பிள்ளையின் விளையாட்டு, பேச்சு, பார்வையைக் கவனித்தே கண்டறிகிறார்கள். ஈ.ஈ.ஜி. எழுதித் தருவது பெரும்பாலும் வலிப்புச் சந்தேகத்துக்கு. ஓட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது மற்றவர்களைவிட அதிகம், பதின்ம வயதிலும் புதிதாகத் தொடங்கலாம். கேள்வி கேட்ட தாயின் மகனுக்கும் அதற்காகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தத் தாயிடம் சொன்னேன்: ஒரு கிழமைக்கு முன்பிருந்தே இறுக்கமான துணித் தொப்பியைப் போட்டு விளையாட்டாய்ப் பழக்குங்கள், மறுகா பதிவெடுக்கிற அண்டைக்குத் தலையைக் கழுவுங்கள், எண்ணெய் மட்டும் வைக்க வேண்டாம்.